ஒன்பதாவது கல்

ஹெஸ்டர் கோல்கார்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடை தெரியாத கேள்வி ஒன்று தலைக்குள் புகுந்துவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பென்ஃபீல்டில் எந்த வீட்டு நாய் எந்த வீட்டு நாய்க்குப் பிறந்தது என்பது வரை அவளுக்கு அத்துப்படி. நாய்க்கு லைசென்ஸ் எழுதிக் கொடுப்பவளே அவள்தானே. இருபத்தாறு ஆண்டுகளாக ஊர்க் கிளார்க். பிறப்பு, கல்யாணம், சாவு, கார், ஓட்டு என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக ஊரின் எண்ணூறு பேரும் அவள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். நின்றால் இரண்டு கேள்வியாவது கேட்காமல் விடமாட்டாள்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதத்தில் கிளார்க் பதவிக்குத் தேர்தல் வரும். அவளை எதிர்த்து யாரும் நிற்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எதிராக ஒரே ஒரு ஓட்டு விழும். சீட்டில் பேனாவால் தன் பெயரையே எழுதிப் போடுகிறவன் ஆரின் லெவிட். இரண்டாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன். ஒருகாலத்தில் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போய்வந்தான். அங்கே உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் நூறு டாலர். ஆரின் அதற்கு மேலேயே பேசிவிட்டு வந்தான் என்பார்கள். எதையும் எதிர்ப்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி.

வீட்டில் புருஷன் எல்பிரிட்ஜ். மர அறுவை மில்லில் இடுப்பை ஒடித்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். அவன் பிறந்தது லைம்ரிட்ஜ். பென்ஃபீல்டின் மேற்கு எல்லையைத் தாண்டினால் அந்த ஊர்தான். மாதா கோவிலிலிருந்து மாதா கோவிலுக்கு நாலு மைல். கல்யாணமான முப்பத்துநாலு ஆண்டுகளாக ஹெஸ்டரின் அப்பா கட்டிக்காத்த வீட்டில்தான் இருக்கிறான். அதனால் என்ன? பென்ஃபீல்டில் பிறக்காதவன் பென்ஃபீல்டுக்காரன் ஆகிவிட முடியுமா! மேப்பிள் பாகு காய்ச்சும்போது அவன் ஏதாவது யோசனை சொன்னால், "வெளியூர்க்காரன் சும்மா இரு" என்று ஹெஸ்டர் வாயை அடைத்துவிடுவாள். அவனும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவான்.

நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை, எல்லையைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு ஊர்களின் நிர்வாகத்தைப் பார்க்கும் மூவர் குழுக்களும் சேர்ந்து அந்த எல்லையைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். கல்லுக்குக் கல் போய், நிற்கிறதா சாய்ந்துவிட்டதா என்று பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்து வழக்கம். ராஜாவைத் துரத்தி இத்தனை காலம் ஆகியும் இதைத் துரத்த நானூறு சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பென்ஃபீல்டும் லைம்ரிட்ஜும் இந்தச் சட்டத்துக்கு எப்படிக் கீழ்ப்படிந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலை உதிர்ந்த நவம்பரில் ஆறு பேரும் வடக்கு மூலையிலிருந்து உற்சாகமாகக் கிளம்புவார்கள். எட்டாவது கல் ஒரு பாறை உச்சியில் இருக்கிறது. அங்கே வந்து சேர்வதற்குள் முழங்கால் கெஞ்சும். பாறைக்குக் கீழே பார்த்தால் ஹெஸ்டர் வீட்டுப் புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கும். அடுப்பில் ஆப்பிள் பை, அதாவது ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் பலகாரம், வெந்துகொண்டிருக்கும். அதற்கப்புறம் எவன் சதுப்பில் இறங்கி மிச்சக் கல்லைத் தேடுவான்? சமையலறையில் பூட்ஸைக் காயவைத்து, ஆளுக்கு இரண்டு துண்டு பை தின்று, "மீதியெல்லாம் போனதடவை மாதிரிதான் இருக்கும்" என்று பழைய அறிக்கையைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதை மறுநாள் ஹெஸ்டர் டைப் அடித்துப் பெட்டகத்தில் வைப்பாள். "ஒன்பதாம் கல் கண்டோம். நிமிர்ந்து நிற்கிறது." மூன்று தடவை அவள் கையாலேயே அடித்திருக்கிறாள்.

இந்தச் சௌகரியமான ஏற்பாட்டைக் கெடுக்க மாசசூசெட்ஸிலிருந்து ஒருவர் வந்தார். வெர்னான் டலி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஏரிக்கரையில் வீடு வாங்கி நாலே ஆண்டில் மூவர் குழுவுக்குத் தேர்வாகிவிட்டார், ஏனென்றால் அந்த நாற்காலியை வேறு யாரும் கேட்கவில்லை. அந்த நவம்பரில் எல்லை நடையன்று பாதிப் பையிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"எட்டு வரைக்கும் பாத்தாச்சு. ஒன்பதாவது கல் எங்க இருக்கு?"

லைம்ரிட்ஜ்காரர்கள் பென்ஃபீல்டுக்காரர்களைப் பார்த்தார்கள். பென்ஃபீல்டுக்காரர்கள் பையைப் பார்த்தார்கள்.

"இங்கதான் எங்கயாவது இருக்கும்," என்றார் ஒருவர்.

"பாத்ததா எழுதியிருக்கே?"

"பாத்தவங்க எழுதினாங்க. நாங்க அதைப் பாத்து எழுதினோம்."

ஹெஸ்டருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாள் இந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் அவளை அதிகம் உறுத்தியது. ஊரிலிருக்கும் கதவுகளையெல்லாம் தட்டிக் கேள்வி கேட்கிறவள், தன் வீட்டுப் பக்கத்துக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுநாள் காலையில், "வாங்க வெர்னான், தேடிப் பாத்துடலாம்," என்று அவளே ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டாள். அது மான் வேட்டைக் காலம். அந்தச் சட்டை இல்லாமல் காட்டுக்குள் போனால் மானோடு மானாய்ச் சுட்டுவிடுவார்கள்.

இருவரும் சதுப்பில் இறங்கி, ஓடை திரும்பும் இடத்தில் பத்தாவது கல்லைக் கண்டுபிடித்தார்கள். பாசி படிந்திருந்தாலும் நிமிர்ந்துதான் நின்றது. கிழக்கு முகத்தில் பென்ஃபீல்டின் முதல் ஆங்கில எழுத்து, மேற்கு முகத்தில் லைம்ரிட்ஜின் முதல் எழுத்து. எட்டிலிருந்து பத்துக்கு எல்லை நேர்கோடு என்று பழைய பத்திரம் சொல்கிறது. இடையில் நானூறு தப்படி. கொத்தனார் பிடிக்கிற நூலை வெர்னான் எட்டாவது கல்லில் கட்டி, இழுத்துக்கொண்டே கீழே இறங்கினார். ஹெஸ்டர் பின்னால் வந்தாள். கொட்டகையைத் தாண்டியது நூல். விறகுக் குவியலைத் தாண்டியது. நேரே வந்து ஹெஸ்டர் வீட்டின் வடக்குச் சுவரில், சாமான் அறை ஜன்னலில் முட்டி நின்றது.

"ஜன்னலைத் திறங்க," என்றார் வெர்னான்.

உள்ளே எல்பிரிட்ஜ் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக ஒரு நூலுருண்டை வந்து விழுந்ததைப் பார்த்தும் அவன் அடுப்பை விட்டு நகரவில்லை. "காபி வேணுமா வெர்னான்?" என்று மட்டும் கேட்டான். நூல் சமையலறையின் மேற்குச் சுவரை ஒட்டியே போய், முன்வாசல் வழியாக வெளியே இறங்கி, பத்தாவது கல்லில் போய் முடிந்தது.

சமையலறை நூலுக்குக் கிழக்கே. படுக்கையறை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், மேற்கே, லைம்ரிட்ஜ் பக்கம்.

வெர்னான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணும் சொல்லல. நூல் தொய்ஞ்சிருக்கலாம்."

"தொய்யல," என்றாள் ஹெஸ்டர். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு எட்டு நாள் அவள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பேசத் தெரிந்தவள் பேசாமலிருப்பது வீட்டில் ஒரு நோயாளி இருப்பது போலிருந்தது என்று எல்பிரிட்ஜ் பிற்பாடு சொன்னான். அந்த எட்டு நாளும் அவள் அலுவலகப் பெட்டக அறையில்தான் கிடந்தாள். 1806-ஆம் ஆண்டு அறிக்கை பழுப்பு மையில் இருந்தது. "ஒன்பதாம் கல்: பிளந்தெடுத்த கருங்கல், நாலடி நீளம், ஒரு பக்கம் வழவழப்பு." அதற்கடுத்த சில அறிக்கைகளிலும் அளவு இருந்தது. 1841-க்குப் பிறகு அளவு இல்லை. "கண்டோம்" மட்டும் இருந்தது. 1841-க்கும் அடுத்த நடைக்கும் நடுவில் நடந்தது என்ன? ஹெஸ்டருக்கு அது தெரியும். சமையலறை உத்தரத்தில் அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் எசேக்கியல் குயிம்பி ஆணியால் கீறிவைத்திருக்கிறான்: 1843. வீடு கட்டிய வருஷம்.

நாலடி நீளம், ஒரு பக்கம் வழவழப்பு. ஹெஸ்டர் அலுவலகத்தைப் பூட்டாமலேயே வீட்டுக்கு ஓடினாள்.

முன்வாசலில், பிறந்த நாளிலிருந்து அவள் மிதித்து ஏறி இறங்கும் வாசற்படிக் கல் கிடந்தது. அறுபத்தோரு ஆண்டாக அதன் மேல் உட்கார்ந்து பட்டாணி உரித்திருக்கிறாள், பனிச்சேற்றைச் சுரண்டியிருக்கிறாள், அதன் மேல் நின்று கல்யாணப் படம் எடுத்திருக்கிறாள். டேப்பை விரித்து அளந்தாள். நாலடிக்கு அரை அங்குலம் கூட. நிலம் உறைந்து உறைந்து ஒரு மூலை சற்றே தூக்கிக்கொண்டிருந்தது. அவள் உறைமண்ணில் குப்புறப் படுத்து, கையுறையைக் கழற்றி, அந்த இடுக்கில் விரல்களை விட்டாள். சில்லென்ற கல். நெடுக ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் குறுக்கே இன்னொரு பள்ளம். கண்ணால் பார்க்காமலே அது லைம்ரிட்ஜின் 'எல்' எழுத்து என்று விரல் சொன்னது. மேல் முகத்துப் பென்ஃபீல்ட் எழுத்தைத் தலைமுறை தலைமுறையாக மிதித்த பூட்ஸ்கள் தேய்த்துவிட்டிருந்தன.

எசேக்கியல் கல்லைத் திருடவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. நல்ல கல் ஒன்று நிற்கிறதே, இன்னொன்றை எதற்கு மலையிலிருந்து இழுத்து வர வேண்டும் என்று அதை அப்படியே சாய்த்துப் படுக்கப்போட்டு, அதற்குப் பின்னால் வீட்டைக் கட்டிவிட்டான். அந்தச் சோம்பேறித்தனத்தை நினைத்து ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. விடை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் கொஞ்ச நேரம் நிஜமாகவே இருந்தது. பிறகுதான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், படுக்கையறைக் கதவில் நின்று கட்டிலைப் பார்த்தாள். அந்த அறையில்தான் அவள் பிறந்தாள். பிறப்புப் பதிவேட்டில் பென்ஃபீல்ட் என்று இருக்கிறது. அது தப்பு.

எல்பிரிட்ஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தான்.

"அப்ப நான் லைம்ரிட்ஜ விட்டு வரவே இல்லையா?"

"வரல."

"நீயும் லைம்ரிட்ஜ்காரிதானா?"

"வாய மூடு எல்பிரிட்ஜ்."

"இனிமே யாருடி வெளியூரு?"

அவள் அழுதுவிட்டாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளுக்குக் காபி போடப் போனான்.

அந்த வாரமே அவள் மூவர் குழுவின் முன்னால் போய் நின்று, கல்லையும் நூலையும் தன் மூன்று பொய் அறிக்கைகளையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். குழு வக்கீலைக் கேட்டது. வக்கீல் ஒரு பக்கத்தில் பதில் எழுதினார்: இதுவரை அவர் பதிந்ததெல்லாம் செல்லும், ஊரே நம்பி ஏற்ற வேலை அது. ஆனால் இனிமேல் ஓட்டுப் போடவும் பதவிக்கு நிற்கவும் அவர் பென்ஃபீல்டில் குடியிருக்க வேண்டும். கோடு வீட்டைக் குறுக்கே வெட்டினால், எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறாரோ அந்தப் பக்கம்தான் குடியிருப்பு.

ஊருக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சுக் கிடைத்தது. "ஏம்மா, என் ரெண்டாவது கல்யாணத்தப் பதிஞ்சது நீதானே, அது செல்லாதுன்னு எழுதிக் குடுக்க முடியுமா?" என்று ஆரின் கவுண்டரில் வந்து கேட்டான். வெர்னான் மன்னிப்புக் கேட்க வந்து, மன்னிப்புக்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னார்: "கட்டிலத் தூக்கிச் சமையலறையில போட்டுருங்களேன். பத்தடி தூரம்."

பத்தடி தூரம்தான். ஹெஸ்டர் மாட்டேன் என்றுவிட்டாள். பிறந்த அறையை ஒரு நூலுக்குப் பயந்து காலி செய்வதா என்று ஊரில் சொன்னாள். உள்ளே இருந்த காரணம் வேறு. பார்க்காத கல்லைப் பார்த்ததாக மூன்று தடவை அடித்தவள், ஊரின் உண்மைகளையெல்லாம் எழுதிவைக்கும் நாற்காலியில் எந்த முகத்தோடு மறுபடி உட்காருவாள்? ஜனவரி வந்தது. அவளுடைய மூன்றாண்டும் முடிகிறது. மார்ச் தேர்தலுக்கு வேட்பாளர்கள் பெயர் கொடுக்கப் பத்து நாள். பெயரை வாங்கிக்கொள்ள வேண்டியவளும் அவள்தான். மூவர் குழுவுக்கு ஒருவர், நூலகத்துக்கு இருவர், கல்லறைத் தோட்டத்துக்கு ஒருவர் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். கிளார்க் பதவிக்கு யாரும் வரவில்லை. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு மூட வேண்டும்.

நாலே முக்காலுக்கு ஆரின் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது.

"வேட்பாளர் ஃபாரம் ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"கிளார்க்குக்கு. வேற யாரும் நிக்கலையாமே. நான் நிக்கிறேன்."

ஹெஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீயா? ஆரின், உனக்கு உன் நாய் லைசென்ஸ் எங்க வெச்சோம்னே தெரியாது!"

"பழகிக்கறேன். கேள்வி கேக்க மாட்டேன், அது ஒண்ணு ஜனங்களுக்கு நிம்மதி."

அவள் ஃபாரத்தை எடுத்தாள். கொடுக்கக் கை வரவில்லை. ஆரின் கவுண்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"தொண்ணூத்தஞ்சுல நான் மூவர் குழுவுல இருந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உன் வீட்ல ரெண்டு துண்டு பை தின்னுட்டு, ஒம்பதாவது கல்லப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். நீ அடிச்சே, அவ்வளவுதான். போட்டது நான். எங்கப்பாவும் போட்டாரு, உங்கப்பாவும் போட்டாரு. ஊரே சேந்து சொன்ன பொய்ய நீ ஒருத்தி ஏன் தலையில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கே? அதுவும் தன் வீட்டையே வெட்டிக்கிட்டுப் போற கோட்ட எவ வெளிய வந்து சொல்லுவா?"

"ஓஹோ. அப்ப எனக்கு ஓட்டுப் போடுவியா?"

"சேச்சே. நான் உனக்கு எதிராதான் போடுவேன். எதிரா போட நீ நிக்கணும்ல?"

கடிகாரம் நாலு ஐம்பத்திரண்டு காட்டியது. ஹெஸ்டர் ஃபாரத்தைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"எல்பிரிட்ஜ், அந்தக் கட்டில..."

"ரெண்டு மணிக்கே சமையலறைக்கு வந்தாச்சு," என்றான் எல்பிரிட்ஜ். "ஆரின்தான் ஒரு பக்கம் புடிச்சான். கதவு நிலையில கொஞ்சம் பேந்துடுச்சு, திட்டாதே."

அவள் ஆரினை நிமிர்ந்து பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய மாநில வரைபடத்தை வாழ்நாளில் முதல்முறை பார்ப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஃபாரத்தில் தன் பெயரை எழுதினாள். குடியிருக்கும் ஊர் என்ற இடத்தில் பென்ஃபீல்ட் என்று எழுத்து எழுத்தாக நிதானமாக எழுதினாள். இருபத்தாறு ஆண்டில் அந்தச் சொல்லை அவள் யோசித்து எழுதியது அன்றைக்குத்தான். வரவு முத்திரையைத் தன் கையாலேயே குத்திக்கொண்டாள்.

மார்ச் இரண்டாம் செவ்வாய் ஊர்க்கூட்டம். மேஜை மேல் அவித்த பீன்ஸும் கோழி பையும் வரிசையாக இருந்தன. எல்லை அறிக்கையை ஹெஸ்டரே எழுந்து படித்தாள். "ஒன்பதாம் கல் கண்டோம். படுத்துக் கிடக்கிறது." அரங்கமே சிரித்தது. முடிவையும் அன்றே அறிவித்தார்கள். ஹெஸ்டர் கோல்கார்ட் நூற்று எண்பத்தொன்பது. ஆரின் லெவிட் ஒன்று.

பனி உருகிய சேற்றில் வண்டியைத் திணறடித்து வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. வாசற்படிக் கல்லில் பூட்ஸைச் சுரண்டிவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் அடுப்பை ஒட்டிப் பெரிய கட்டில். சாப்பாட்டு மேஜை இப்போது பழைய படுக்கையறையில். எல்பிரிட்ஜ் அங்கே தட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"வா, லைம்ரிட்ஜ் போய்ச் சாப்பிட்டு வந்துரலாம்," என்றான்.

அவள் உட்கார்ந்தாள். இத்தனை நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்த கேள்வி ஒன்று மிச்சமிருந்தது.

"உனக்கு இந்தப் பக்கம் உன் ஊராச்சே. எனக்கு மட்டும் அங்க ஒரு சின்னக் கட்டிலப் போட்டுட்டு நீ இங்கயே இருந்திருக்கலாம். பெரிய கட்டிலையே ஏன் தூக்கினே? அதுவும் அந்த இடுப்ப வெச்சிக்கிட்டு?"

எல்பிரிட்ஜ் பீன்ஸை அவள் தட்டில் அள்ளி வைத்தான்.

"முப்பத்துநாலு வருஷமா உன் ஊருக்கு வந்துட்டேன்னு நெனச்சேன். வரவே இல்லையாமே. அதான், இந்தத் தடவ நெசமாவே வந்துடுவோம்னு வந்துட்டேன்."

ஹெஸ்டருக்குக் கேட்க வேறு கேள்வி இல்லை. இரண்டாம் முறையும் பீன்ஸ் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டாள்.